போலிச் சுவடியும் மெய்க் கையெழுத்தும்: செக் விடுதலை வரலாற்றில் தீராத ஒரு கணக்கு

தமிழ் பயில்வோர்க்கு ஏடு என்பது வெறும் ஓலையன்று. அதன் காலம் யாது, எழுதியவர் யாவர், இடைச்செருகல் எது, பாடபேதம் எது என்று துருவிப் பார்ப்பது நம் துறையின் அன்றாடப் பணி. ஆகவே, முதல் உலகப் போர்க்காலத்தில் தம் நாட்டுக்கு வெளியே நின்று செக் மக்கள் நடத்திய விடுதலை இயக்கத்தைப் பற்றி எழுதப் புகும் நாம், ஒரு சுவடி வழக்கிலிருந்து தொடங்குவதை இம்மலரின் வாசகர்கள் பிழையாகக் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறோம்.

1817-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் பொஹீமியா நாட்டில் இரண்டு பழஞ்சுவடிகள் வெளிப்பட்டன. ஒன்று 13-ஆம் நூற்றாண்டினது எனவும், மற்றது அதனினும் சில நூற்றாண்டுகள் முற்பட்டது எனவும் சொல்லப்பட்டன. வீரப் பாடல்களும் பண்டை அறங்கூறவையத்தின் காட்சியும் அவற்றில் இருந்தன. செக் மொழியோ அந்நாளில் உழவர் குடிலுக்கும் வேலையாள் நாவுக்கும் உரிய மொழி என இகழப்பட்டுக் கிடந்தது. 1620-இல் வெள்ளை மலைப் போரில் தோற்றபின் அந்நாட்டின் அரசும் கல்வியும் சிறிது சிறிதாக ஜெர்மன் மொழிக்குள் அமிழ்ந்துவிட்டிருந்தன. இந்நிலையில், தமக்கும் தொன்மையான காவியம் உண்டு என நிமிர்ந்து சொல்ல இரு சுவடிகள் கிடைத்தமை அம்மக்களுக்கு எத்தகைய மகிழ்ச்சியை அளித்திருக்கும் என்பதைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டு தலைமுறையினர் அவற்றைத் தம் இனத்தின் பெருமைச் சின்னமாகப் போற்றினர். ஐயுற்றோர் சிலர் இருந்தனர்; அவர்கள் குரல் எடுபடவில்லை.

1886-இல் யான் கெபௌவர் என்னும் மொழியியல் பேராசிரியர், அச்சுவடிகளின் சொல்லும் இலக்கணமும் அவற்றிற்குக் கூறப்படும் காலத்திற்கு ஒவ்வாதவை என எழுதினார். அக்கட்டுரையைத் தம் இதழில் வெளியிட்டு, தாமும் வரலாற்று நோக்கிலும் சமூகவியல் நோக்கிலும் ஆராய்ந்து அம்முடிவுக்கு வலுவூட்டியவர் பிராக் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் தாமஸ் மசாரிக். வண்டியோட்டியின் மகன், அப்போது முப்பத்தாறு அகவை. சுவடிகள் இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டவை என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்ட முடிவு. அன்று மசாரிக்குக்குக் கிடைத்த பட்டமோ 'துரோகி' என்பது. பொய்யின்மேல் ஓர் இனத்தின் மானத்தைக் கட்டலாகாது என்ற அவர் நிலைப்பாட்டை ஏற்றோர் அன்று மிகச் சிலரே.

அவர் வாழ்வில் இது முதல் வழக்குத்தான். 1899-இல் யூத இளைஞர் ஒருவர் சமயச் சடங்கிற்காகக் கொலை செய்தார் என்று நாடெங்கும் பழி கிளம்பியபோது, அந்த மூடநம்பிக்கையை எதிர்த்து எழுதினார். சொந்த மாணவர்களே அவருடைய வகுப்பில் கூச்சலிட, விரிவுரைகள் நிறுத்தப்பட்டன. 1909-இல் ஆஸ்திரிய ஆட்சி ஸாக்ரெப் நகரில் செர்பிய இனத்தார் ஐம்பத்துமூவர் மீது துரோக வழக்குத் தொடுத்தது. அதே காலத்தில் வியன்னாவில் நடந்த மற்றொரு வழக்கில், தென்சிலாவியத் தலைவர்கள் அந்நிய அரசிடம் கைக்கூலி பெற்றதாகக் காட்ட ஆவணங்கள் வைக்கப்பட்டன. அவ்வாவணங்கள் போலியானவை என்பதையும், ஆஸ்திரியத் தூதரகத்தின் நிழலிலேயே அவை புனையப்பட்டன என்பதையும் வெளிக்கொணர்வதில் மசாரிக் முன்னின்றார். பேரரசின் வெளியுறவு அமைச்சருக்கு ஐரோப்பா முழுவதும் தலைகுனிவு ஏற்பட்டது.

இம்மூன்று வழக்குகளையும் நாம் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. 1914-இல் போர் மூண்டபோது மசாரிக்குக்குப் படையில்லை, பணமில்லை, பெருங்கட்சியுமில்லை. வியன்னா நாடாளுமன்றத்தில் அவர் ஒரு சிறு கட்சியின் உறுப்பினர், அகவை அறுபத்துநான்கு. வெளிநாடுகளில் அவரை நம்பியோர் நம்பியதற்குக் காரணம், 'இவர் போலியைத் தொடமாட்டார்' என்ற பெயர் ஒன்றே. 1914 அக்டோபரில் ராட்டர்டாம் நகரில் அவரை இரண்டு நாள் சந்தித்து, அவர் கூறியவற்றைக் குறிப்பாக எழுதி நேசநாடுகளின் வெளியுறவுத் துறைகளுக்குக் கிடைக்கச் செய்த ஸ்காட்லாந்து அறிஞர் சீட்டன்-வாட்சன், தென்சிலாவிய வழக்குகளின் காலத்திலிருந்தே மசாரிக்கின் நேர்மையை அறிந்தவர். அந்த நேர்மையே இயக்கத்தின் முதல் மூலதனம் என்று சொல்வோம்.

1914 டிசம்பரில் மசாரிக் தம் இளைய மகளுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். திரும்பினால் தூக்குமேடை என்ற நிலை விரைவில் உருவாயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஓவியரான அவர் மகன் ஹெர்பர்ட், போர் அகதிகளுக்கு உதவுகையில் தொற்றிய டைஃபஸ் காய்ச்சலால் இறந்தார். தந்தையால் அடக்கத்திற்கு வர இயலவில்லை. மூத்த மகள் ஆலிஸ் அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் சிறைப்பட்டார். அமெரிக்க மக்களிடையே எழுந்த முறையீடுகளுக்குப் பின்னரே, 1916-இல் விடுவிக்கப்பட்டார். மனைவி உடலும் மனமும் நலிந்தார்.

1915 ஜூலை 6-ஆம் நாள், சமயச் சீர்திருத்தர் யான் ஹுஸ் உயிரோடு எரிக்கப்பட்டதன் ஐந்நூறாம் ஆண்டு நினைவு நாள். அன்று ஜெனீவாவில் மசாரிக் ஆஸ்திரியப் பேரரசுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். செப்டம்பரில் அவருடைய இளைய தோழர் எட்வர்ட் பெனெஷ் போலிக் கடவுச்சீட்டுடன் எல்லை கடந்து வந்து சேர்ந்தார். (போலியை வெறுத்தவரின் இயக்கமும் கடவுச்சீட்டு வகையில் விலக்குப் பெற்றது போலும்!) மூன்றாமவர் மிலான் ஷ்டெபானிக். ஸ்லோவாக்கியச் சிற்றூரில் பிறந்து, பிராகில் மசாரிக்கிடம் பயின்று, பாரிசில் வானியலாளராகி, 1910-இல் ஹாலி வால்மீனைக் காணத் தாஹிட்டித் தீவு வரை சென்றவர். பிரெஞ்சுக் குடிமகனாகிப் போர் விமானியானவர். பாரிசின் உயர்குடிக் கூடங்களில் அவருக்கிருந்த அறிமுகத்தால், 1916 பிப்ரவரியில் மசாரிக் பிரெஞ்சுப் பிரதமர் பிரியாந்தைச் சந்தித்தார். அவ்வாண்டே பாரிசில் செக்கோஸ்லோவாக் தேசிய அவை தோன்றிற்று.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஓர் இனத்தின் பெயரால் அயல்நாட்டில் அமர்ந்து பேசும் உரிமையை இம்மூவருக்கும் அளித்தவர் யார்? தேர்தல் நடக்கவில்லை. வாக்குச் சீட்டும் இல்லை. ஜெனீவாவிலும் பாரிசிலும் இலண்டனிலும் அவர்கள் எழுதிய அறிக்கைகளை வீட்டிலிருந்த மக்களுள் பெரும்பாலோர் கண்ணால் கண்டதுமில்லை.

இது பகைவர் மட்டும் கேட்ட வினா என்று எண்ணிவிடலாகாது. 1917 ஜனவரி 10-ஆம் நாள் நேசநாடுகள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு விடுத்த மறுமொழியில், செக்கோஸ்லோவாக் மக்களின் விடுதலையைத் தம் போர் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படப் பெயர்சொல்லிக் குறித்தன. வெளிநாட்டு இயக்கத்தின் இரண்டாண்டு உழைப்புக்குக் கிடைத்த முதற் பெருவெற்றி அது. அம்மாதம் முடியுமுன்னரே, வியன்னாவிலிருந்த செக் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கூட்டமைப்பு, தம் மக்கள் ஹாப்ஸ்பர்க் மணிமுடியின் கீழேயே தம் எதிர்காலத்தைக் காண்கின்றனர் என அறிவித்து அம்மறுமொழியைத் தள்ளிவிட்டது! தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஒருபுறம் பேரரசை வாழ்த்த, தேர்ந்தெடுக்கப்படாதோர் மறுபுறம் விடுதலை கோரினர். சட்டப் புத்தகத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பதானால் உரிமை யாருக்கு என்பதில் ஐயமில்லை.

ஆனால், அச்சத்தில் இட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? செக் தலைவர்களுள் முதன்மையான கிரமார்ஷும் ரஷீனும் 1915-இல் சிறைப்பட்டு, 1916-இல் தூக்குத் தண்டனை பெற்றிருந்தனர். முதிய பேரரசர் இறந்து புதியவர் வந்ததனால்தான் அவர்கள் உயிர் தப்பியது. செய்தித்தாள்கள் தணிக்கையில் வாயடைத்துக் கிடந்தன. இத்தகைய சூழலில் உள்நாட்டில் மறைவாக இயங்கி, வெளிநாட்டாருக்குச் செய்தி அனுப்பியும் அவர்களிடமிருந்து செய்தி பெற்றும் வந்த சிறு குழுவொன்று இருந்தது. 'மாஃபி' என்று தமக்குத் தாமே வேடிக்கையாகப் பெயரிட்டுக்கொண்ட அக்குழுவினர், வெளியே பேசுவோரின் சொல்லுக்கு உள்ளே இருந்து உயிரைப் பிணையாக வைத்தனர். அறிக்கை எழுதிய மூவரைவிட இவர்களையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். பாரிசில் பிடிபடுவார் எவருமில்லை. பிராகில் ஒரு கடிதத் துண்டு கழுத்துக்குக் கயிறாகும்.

மேலும், நாடாளுமன்றத்தாரின் அறிவிப்பு வெளிவந்த நான்கு திங்களுக்குள் வேறொரு குரல் எழுந்தது. 1917 மே மாதத்தில், நாடகத்துறை சார்ந்த யாரஸ்லாவ் குவாப்பிலின் முயற்சியால், செக் எழுத்தாளர்களும் அறிஞர்களும் 222 பேர் தம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தனர். மக்களின் உண்மை விருப்பத்தைப் பேசுங்கள், இயலாதெனில் பதவியை விட்டு விலகுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் பிராகில் கூடிய பேரவையில் உறுதிமொழியை வாசித்தவரும் ஓர் எழுத்தாளரே. வரலாற்றுப் புதினங்களால் புகழ்பெற்ற அலோயிஸ் யிராசெக். தமிழ்த்துறை மலரில் இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். வாக்குப் பெற்றவர்கள் வாய் மூடியிருந்த காலத்தில் எழுதுகோல் பிடித்தவர்கள் வாய் திறந்தனர். வெளிநாட்டு இயக்கத்துக்கு உள்நாட்டு ஒப்புதல் கிடைத்தது இவ்வழியில்தான்.

இனிப் படையைப் பற்றிச் சொல்லவேண்டும். அறிக்கைகளாலும் விருந்துக் கூடங்களாலும் மட்டும் அரசுகள் அசைவதில்லை என்பதை மசாரிக் நன்கறிந்திருந்தார். 1914-இலேயே உருசியாவில் வாழ்ந்த செக் குடியினர் கீவ் நகரில் ஒரு சிறு படைப்பிரிவை அமைத்திருந்தனர். பின்னர், ஆஸ்திரியச் சீருடையில் போர்முனைக்கு அனுப்பப்பட்டு உருசியரிடம் சிறைப்பட்ட செக், ஸ்லோவாக் வீரர்கள் அதில் சேர்ந்தனர். மற்றப் போர்வீரன் பகைவரிடம் பிடிபட்டால் கைதி. இவர்கள் ஆஸ்திரியரிடம் மீண்டும் பிடிபட்டாலோ துரோகிகள், தூக்குத்தான். இத்தாலியப் போர்முனையில் அவ்வாறு தூக்கிலிடப்பட்டோர் பலர். 1917 ஜூலை 2-ஆம் நாள் ஸ்போரிவ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 3,500 பேர் கொண்ட இப்படை, தளவாடக் குறைவோடு தாக்கி ஆஸ்திரிய அணிகளைப் பிளந்தது. எதிரே நின்ற ஆஸ்திரியப் படையிலும் செக் வீரர்கள் இருந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அவ்வாண்டின் முடிவில் போல்ஷ்விக் புரட்சி வென்றது. 1918 மார்ச்சில் உருசியா ஜெர்மனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நாடற்ற படையாக நடுவழியில் நின்றனர். மேற்கே வழியில்லை. எனவே சைபீரிய இரயில் பாதையில் கிழக்கே சென்று, விளாடிவாஸ்டாக் துறைமுகத்தில் கப்பலேறி, உலகைச் சுற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போய்ப் போரிடுவது என்று முடிவாயிற்று! உருசிய உள்நாட்டுச் சண்டையில் தலையிடலாகாது என்பது மசாரிக்கின் கட்டளை. கட்டளையிட்டுவிட்டு அவர் அதே பாதையில் முன்னே சென்று, ஜப்பான் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். ஆனால், 1918 மே மாதம் செல்யாபின்ஸ்க் நிலையத்தில் ஹங்கேரியக் கைதிகளோடு மூண்ட ஒரு கைகலப்பு பெருந்தீயாயிற்று. படைக்கலங்களைப் பறிக்க ட்ராட்ஸ்கி ஆணையிட, வீரர்கள் மறுத்தெழுந்தனர். சில திங்களுக்குள் வோல்கா ஆறு முதல் பசிபிக் கரை வரை அந்நெடும்பாதை அவர்கள் கைக்கு வந்தது. கடைசிப் பிரிவினர் விளாடிவாஸ்டாக்கிலிருந்து புறப்பட்டது 1920-இல். சைபீரியாவில் அவர்கள் கை முற்றும் தூய்மையாக இருந்தது என்று நாம் சொல்லமாட்டோம். உள்நாட்டுப் போரில் அகப்பட்ட எந்தப் படையின் கையும் அவ்வாறு இருந்ததில்லை. எனினும் 1918 கோடையில் உலகம் கண்டது ஒன்றே: வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் படை, பேரரசுகள் செய்ய இயலாததைச் செய்துகொண்டிருக்கிறது. ஜூன் 29-இல் பிரான்சும், ஆகஸ்டு 9-இல் பிரிட்டனும், செப்டம்பர் 3-இல் அமெரிக்காவும் தேசிய அவையை ஒவ்வொரு வகையில் ஏற்றுக்கொண்டன. அவ்வாண்டு ஜனவரியில் வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சங்களில் ஆஸ்திரிய-ஹங்கேரி மக்களுக்குத் தன்னாட்சி வளர்ச்சிதான் சொல்லப்பட்டிருந்தது, தனிநாடன்று என்பதை நினைவிற் கொண்டால், எட்டுத் திங்களில் ஏற்பட்ட மாற்றத்தின் அளவு விளங்கும்.

இவ்விடத்தில், இந்தியராகிய நாம் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்கலாகாது. அமெரிக்காவில் வாழ்ந்த இம்மானுவேல் வோஸ்கா என்னும் செக்கியர், நியூயார்க் நகரிலிருந்த ஆஸ்திரிய, ஜெர்மானிய அலுவலகங்களில் வேலைபார்த்த செக் ஊழியர்களைக் கொண்டு ஓர் உளவு வலையைப் பின்னியிருந்தார். அதில் சிக்கிய செய்திகள் மசாரிக்குக்கும் சென்றன. வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காண்ட்டுக்கும் சென்றன. அதே ஆண்டுகளில் நம் நாட்டு விடுதலை வீரர்கள் பிரிட்டனின் பகையாகிய ஜெர்மனியின் துணையை நாடியிருந்தனர். பெர்லின் குழுவில் செண்பகராமன் பிள்ளை இருந்தார். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக அரசுக்கு இராஜா மகேந்திர பிரதாப் தலைவராகவும் மௌலவி பரகத்துல்லா பிரதமராகவும் விளங்கினர். அமெரிக்கக் கரையிலிருந்து இந்தியாவுக்குப் படைக்கலம் அனுப்பும் திட்டமும் உருவாயிற்று. அத்திட்டத்தைப் பற்றிப் பிரிட்டிஷாருக்கு எட்டிய தகவல்களில் வோஸ்காவின் வலை வழியாக வந்தவையும் உண்டு என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஓர் அடிமை நாட்டின் விடுதலைக்காக வைத்த காது, மற்றோர் அடிமை நாட்டின் விடுதலைக்குக் கேடாயிற்று.

இதற்காகச் செக்கியரைப் பழிக்க நாம் முற்படவில்லை. அவர்களுக்குப் பகை வியன்னா. நமக்குப் பகை இலண்டன். அவர்கள் இலண்டனையும் நம்மவர் பெர்லினையும் நாடியது ஒரே கணக்கின்படியே. ஆயினும், 1915 அக்டோபரில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மசாரிக் ஆற்றிய புகழ்பெற்ற தொடக்க உரையின் பொருள் 'ஐரோப்பிய நெருக்கடியில் சிறு நாடுகளின் சிக்கல்' என்பதாகும். அத்தலைப்பில் உள்ள 'ஐரோப்பிய' என்னும் அடைமொழியை நாம் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறோம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். இயக்கத்தின் செலவைத் தாங்கியவர்கள் அங்குக் குடியேறியிருந்த செக், ஸ்லோவாக் மக்களே. சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் இறைச்சிக் கூடத்திலும் உழைத்தவர்கள், கூலியில் மிச்சம்பிடித்தும் கண்காட்சிச் சந்தை நடத்தியும் பணம் திரட்டினர். 1918 மே 5-ஆம் நாள் சிகாகோ நகருக்குள் மசாரிக் நுழைந்தபோது தெருக்கள் கொள்ளாத கூட்டம் திரண்டது. இவர்களுள் ஸ்லோவாக்கியருக்கு ஓர் அச்சம் இருந்தது. செக் மக்கள் ஆஸ்திரியாவின் கீழும், ஸ்லோவாக்கியர் ஹங்கேரியின் கீழும் வாழ்ந்தவர்கள். செக் மொழிக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. ஸ்லோவாக் மொழிக்கோ, இருந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளையும் 1874-இல் ஹங்கேரிய அரசு மூடிவிட்டது. மறு ஆண்டு அவர்களுடைய பண்பாட்டுக் கழகத்தையும் மூடியது. ஒரு பெரிய மொழியிடமிருந்து தப்பி, உறவான மற்றொரு மொழியிடம் கரைந்துவிடுவோமோ என அவர்கள் அஞ்சியது இயல்பே. மொழி நுட்பம் அறிந்தோர்க்குத் தெரியும்: முற்றிலும் அயலான மொழியைவிட, நெருங்கிய உறவுடைய மொழியே ஒரு சிறு மொழியை எளிதில் விழுங்கும்.

அவ்வச்சத்தைப் போக்க 1915-இல் கிளீவ்லாந்து நகரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் 1918 மே 30-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் மற்றொன்று. இவ்விரண்டாவதன் வாசகத்தை வரைந்தவர் மசாரிக்தாம். செக்கியரும் ஸ்லோவாக்கியரும் ஒரே குடியரசாவர். ஸ்லோவாக்கியாவுக்குத் தனி நிர்வாகமும் தனிச் சட்டமன்றமும் தனி நீதிமன்றங்களும் இருக்கும். பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் ஸ்லோவாக் மொழியே ஆட்சிமொழியாகும் என்பன அதன் உறுப்புகள். விரிவான விதிகளை விடுதலை பெற்ற மக்களும் அவர்தம் சட்டப்படியான பிரதிநிதிகளும் வகுப்பர் என்பது இறுதி உறுப்பு. அழகிய எழுத்தில் அச்சிட்ட அதன் செம்படியில் மசாரிக் மீண்டும் கையெழுத்திட்டார். அந்நாள் 1918 நவம்பர் 14. பிராகில் கூடிய பேரவை அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததும் அதே நாளில்தான்.

இதற்கிடையே அக்டோபர் 18-இல் வாஷிங்டன் அறிக்கை வெளியாயிற்று. அக்டோபர் 28-இல் பிராக் நகரம் விடுதலையை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, அச்செய்தி எட்டுமுன்னரே, ஸ்லோவாக்கியத் தலைவர்கள் மார்ட்டின் நகரில் கூடிச் செக்கியரோடு இணைய முடிவு செய்தனர். டிசம்பர் 21-இல் மசாரிக் பிராக் திரும்பினார். நான்காண்டுகளுக்கு முன் தனியராய்ச் சென்றவர் அரசின் தலைவராக மீண்டார்.

பிட்ஸ்பர்க் ஏடு என்னவாயிற்று? 1920-இல் இயற்றப்பட்ட அரசியற்சட்டத்தில் ஸ்லோவாக்கியாவுக்குச் சட்டமன்றம் இல்லை. அச்சட்டத்தை இயற்றிய அவையில் நாட்டின் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியக் குடிமக்களுக்கு ஓர் இடமும் இல்லை. ஸ்லோவாக்கியத் தலைவர் பாதிரியார் ஹ்லிங்கா, 1919-இல் தன்னாட்சி கேட்டுப் பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு வேற்று நாட்டுக் கடவுச்சீட்டுடன் சென்று, திரும்பியதும் சிறைப்பட்டார். கடவுச்சீட்டு வழியை அவருக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் என்பதை மேலே கண்டோம். மசாரிக் தம் நினைவு நூலில் பிட்ஸ்பர்க் உடன்பாட்டை அமெரிக்கச் செக்கியரும் ஸ்லோவாக்கியரும் தமக்குள் செய்துகொண்ட ஓர் உள்ளூர் ஏற்பாடு எனச் சுருக்கினார். 1929-இல் ஹ்லிங்காவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கையெழுத்தான நாள் அமெரிக்காவில் விடுமுறை நாள். கையெழுத்திட்ட ஸ்லோவாக் சங்கம் அப்போது சட்டப்படி ஏற்பளிக்கப்படாதது. ஆகவே அது ஒரு போலியாவணம் என்று பொருள்பட எழுதினார். 1886-இல் போலிச் சுவடியைப் போலி என்று சொல்லித் துரோகிப் பட்டம் ஏற்றவர், தாமே வரைந்து தாமே இருமுறை கையெழுத்திட்ட மெய்யேட்டைப் போலி என்றார்!

அவர் பக்கத்து நியாயங்களையும் நாம் அறியாமலில்லை. இறுதி உறுப்பு, முடிவைப் பிரதிநிதிகளிடம் விட்டது என்பது உண்மை. ஐம்பதாண்டு ஹங்கேரியக் கெடுபிடியால் ஸ்லோவாக்கியாவில் தாய்மொழியில் கற்ற ஆசிரியரும் அலுவலரும் அருகியிருந்தனர் என்பதும் உண்மை. 1919-இல் ஹங்கேரியப் படை ஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தபோது தனி நிர்வாகம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதும் உண்மையே. ஸ்லோவாக் மொழியில் நூற்றுக்கணக்கான பள்ளிகளையும், பிராட்டிஸ்லாவாவில் ஒரு பல்கலைக்கழகத்தையும் திறந்தது அக்குடியரசுதான். சுற்றியிருந்த நாடுகள் ஒவ்வொன்றாகச் சர்வாதிகாரத்தில் விழ, அது மட்டும் 1938 வரை மக்களாட்சியாக நின்றது. இவற்றுள் எதையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இவற்றைக் காட்டி, 'தன்னாட்சிக்குக் காலம் கனியவில்லை; பொறுத்திருங்கள்' என மசாரிக் சொல்லியிருந்தால் அதனை ஏற்பவர் ஏற்றிருப்பர், மறுப்பவர் மறுத்திருப்பர்.

ஆனால், கையெழுத்திட்டோர்க்கு உரிமையில்லை என்ற வாதத்தை அவர் எடுத்திருக்கலாகாது என்பது நம் துணிபு. அமெரிக்க ஸ்லோவாக்கியருக்குத் தம் இனத்தின் பெயரால் பேச உரிமையில்லையெனில், பாரிஸ் அவைக்கு மட்டும் அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? சட்டப்படி ஏற்பளிக்கப்படாத சங்கத்தின் கையெழுத்துச் செல்லாதெனில், 1918 கோடை வரை எந்த அரசும் ஏற்காதிருந்த மூவரின் கையெழுத்து எவ்வாறு செல்லும்? தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே 1917 ஜனவரியில் மறுதலித்த அவர்களை, 'சட்டம் கிடக்கட்டும், இவர்கள் பேசுவது மக்களின் உள்ளக்கிடக்கை' என்று உலகம் நம்பிற்றே. அந்நம்பிக்கையின்மேல் அல்லவா அக்குடியரசு எழுந்தது! தாம் ஏறிவந்த ஏணியின் படியொன்றைச் சட்டப் புள்ளி காட்டி முறித்தது, ஏணி முழுவதையும் ஐயத்துக்கு ஆளாக்கும் செயல். அக்குடியரசுத் தலைவரின் கொடியில் 'வாய்மை வெல்லும்' என்னும் பொருளுடைய சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

மசாரிக் 1937 செப்டம்பரில் மறைந்தார். 1938 ஜூனில் அமெரிக்க ஸ்லோவாக்கியரின் தூதுக்குழு ஒன்று, பிட்ஸ்பர்க் உடன்பாட்டின் மூலப்படியைக் கப்பலில் கொண்டுவந்து பிராட்டிஸ்லாவாவில் திரண்ட கூட்டத்துக்குக் காட்டிற்று. அவ்வேளையில் ஹிட்லரின் கண் அந்நாட்டின் மீது பதிந்திருந்தது. செப்டம்பரில் மியூனிக், 1939 மார்ச்சில் ஜெர்மனியின் தூண்டுதலாலும் மிரட்டலாலும் ஸ்லோவாக்கியா பிரிந்தது, மறுநாள் ஜெர்மன் படை பிராகில் புகுந்தது. நியாயமான ஒரு குறையை நியாயமற்ற ஒருவன் கையாண்டதால் வந்த அவலம் அது. போருக்குப்பின் மீண்டும் ஒன்றான அவ்விரு மக்களும், 1993 ஜனவரி 1-ஆம் நாள் ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் இரு நாடுகளாயினர். 1918-இல் அவ்வேட்டை மதித்திருந்தால் 1993 நேர்ந்திருக்காது என்று வாதிடுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இடையில் எழுபத்தைந்து ஆண்டுகளும் ஒரு பெரும்போரும் நாற்பதாண்டுப் பொதுவுடைமை ஆட்சியும் கிடக்கின்றன. பிராகில் மசாரிக் சிலைக்கு முன் நிற்போர் 1886-ஆம் ஆண்டு மசாரிக்கை நினைக்கட்டும். நாமும் அவரையே வணங்குகிறோம். 1929-ஆம் ஆண்டுக் கடிதத்தை எழுதிய மசாரிக்கோடு மட்டும் நமக்கு இன்னும் வழக்கு இருக்கிறது.